வால் இரண்டா, மூன்றா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அமெரிக்காவிலே என்ன சாதிச்சே, அதைப் பேசு" என்றார் சங்கச் செயலாளர். முப்பது வருடம் ஆய்வக உத்தியோகம் பார்த்தேன், அவ்வளவுதான். அதைவிட, ஓய்வுபெற்ற பிறகு பிடித்த ஒரு பைத்தியத்தைப் பற்றிப் பேசுகிறேன். தூண்டில் முள்ளில் நூல், இறகு, மிருக ரோமம் எல்லாம் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்து, அதைக் காட்டி டிரவுட் மீனை ஏமாற்றுகிற வேலை. அங்கே 'ஃபிளை கட்டுவது' என்பார்கள். டிரவுட் நமக்கு அந்நியமில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரிக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமே உண்டு.

முதலில் ஒரு பழைய பாக்கி. 1976, விலங்கியல் செய்முறைத் தேர்வு. தட்டில் மலை ஓடையிலிருந்து எடுத்து வந்த ஒரு பூச்சி. மேஃபிளை என்னும் ஒருநாள் பூச்சியின் நீர்வாழ் இளம்பருவம். நான் சீனியருடைய ரெக்கார்டு நோட்டை மனப்பாடம் செய்து அழகாக வரைந்து வைத்தேன். பேராசிரியர் குனிந்து பார்த்தார். "படத்திலே வால் மூணு. தட்டிலே எத்தனைன்னு எண்ணினியாடா?" எண்ணினேன். இரண்டு! "நீ பூச்சியைப் பாத்து வரையலே, படத்தைப் பாத்து வரைஞ்சிருக்கே." மதிப்பெண் போனது. அவர்மேல் வெகுநாள் கோபமாக இருந்தேன்.

இப்போது ஆற்றுக்கு வருவோம். நியூயார்க் நகரத்துக்கு வடமேற்கே கேட்ஸ்கில் மலை. அங்கே ராஸ்கோ என்ற சிற்றூரில், நம் பவானி கூடுதுறை மாதிரி, பீவர்கில், வில்லோவீமாக் என்ற இரண்டு ஆறுகள் கூடுகின்றன. அமெரிக்காவில் மிதக்கும் பொய்ப்பூச்சி வளர்ந்தது இந்த மலையில்தான். 1890-இல் இங்கிலாந்தின் ஹால்ஃபோர்டு தம் ஃபிளைகள் சிலவற்றைத் தியோடர் கோர்டனுக்கு அனுப்பினார். அவை ஆங்கிலேய நாட்டின் அமைதியான ஓடைகளுக்கு ஏற்றவை. இங்கே தண்ணீர் பாறையில் மோதி ஓடுகிறது; பூச்சிகளும் வேறு. கோர்டன் அவற்றை அப்படியே நகல் எடுக்காமல் தம் ஆற்றைப் பார்த்து மாற்றிக் கட்டினார். 1916-இல் ராய் ஸ்டீன்ராட் என்பவர் வசந்த காலத்துப் பூச்சி ஒன்றைக் கண்டு, நரி ரோமத்தில் உடலும் காட்டு வாத்தின் இறகில் சிறகும் வைத்துக் கட்டியதுதான் 'ஹெண்ட்ரிக்சன்'. கூட மீன் பிடித்த நண்பரின் பெயர் அது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவருடைய பெட்டியில் நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு வைத்த பழைய ஃபிளை ஒன்று இருக்கிறது. "ஊருக்குப் போனா ரெண்டு இறகு கொண்டு வாயேன்" என்றார். "எங்க ஊர்லே 1972-லேயே சட்டம் போட்டாச்சு, என்னை உள்ளே தள்ளிடுவாங்க" என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை.

அந்த ஹெண்ட்ரிக்சன் பூச்சி ஏப்ரல் கடைசியில், பிற்பகல் இரண்டு மணி வாக்கில், தண்ணீர் சற்றே சூடானதும் அடியிலிருந்து கிளம்பி மேலே வரும். சென்ற வசந்தத்தில், பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டிய பகுதியில் நின்றிருந்தேன். அங்குள்ள மீன்கள் பலமுறை பிடிபட்டுப் புத்தி பெற்றவை. கண்ணெதிரே மீன்கள் எழும்பித் தின்கின்றன. என் ஹெண்ட்ரிக்சனை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. கடையில் விற்கிற மாதிரி, அச்சடித்தாற்போல் கட்டியிருந்தேன். முழங்கால் வலியால் பெரியவர் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. பையில் மனைவியின் டீ வடிகட்டி இருந்தது (அவளுக்குத் தெரியாது). நீரோட்டத்தில் பிடித்துப் பார்த்தேன். வால் மூன்று, சரிதான். ஆனால் சிறகு விரித்து நின்றவை கொஞ்சம். பழைய தோலிலிருந்து பாதி வெளிவந்து, பறக்க முடியாமல் நீர்ப்பரப்பிலேயே சிக்கிக் கிடந்தவைதான் அதிகம். தப்ப முடியாத இரையை விட்டுவிட்டு மீன் எதற்கு என் அழகுப் பூச்சியைத் தேடப் போகிறது? உடலும் நான் கட்டிய வெளிறிய நிறமில்லை. ஈரமான செங்கல் கருத்தாற்போல ஒரு நிறம்.

இந்த நிலையைக் கட்டுவது என் கண்டுபிடிப்பல்ல, பலர் செய்திருக்கிறார்கள். நிறம்தான் என்னைப் படுத்தியது. நாலைந்து நூல்கள் வாங்கிப் பார்த்தேன். காய்ந்திருக்கும்போது சரியாகத் தெரியும், நனைந்தால் வேறாகிவிடும். கடைசியில் கிடைத்தது எங்கள் வீட்டு அலமாரியில். என் மனைவியின் அரக்கு நிறக் காஞ்சிபுரம் புடவை, முந்தானைக் குஞ்சம்! பட்டு நனைந்தால் நிறம் கறுக்கும். ஓர் இழையைத் தண்ணீரில் நனைத்தேன். அச்சு அசல் அதே பூச்சி. பட்டு மிதக்காது என்பதும் நல்லதாயிற்று. 14-ஆம் எண் முள்ளில் பட்டு உடல், பின்னால் உரிந்த தோலுக்குப் பழுப்புக் கம்பளி இழை, மேலே மான் ரோமத்தில் சிறகு. மான் ரோமத்துக்குள் காற்று அடைபட்டிருப்பதால் அது மேலே நிற்கும், உடல் நீரோடு ஒட்டித் தொங்கும்.

மூன்றாவது வீச்சில் மீன் எடுத்தது. கரையில் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். மறுநாளும் எடுத்தது. அதற்கு மறுநாள் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏனென்று இன்னும் வடிகட்டியோடு அலைகிறேன். புடவை விஷயம் மனைவிக்கு இன்றைக்குத்தான் தெரியும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

பின்னால் மேசைமேல் இருக்கும் வைஸ் அந்தப் பெரியவருடையது. கை நடுக்கத்தால் அவரால் இனிக் கட்ட முடியாது என்று என்னிடம் கொடுத்துவிட்டார். வருகிற ஏப்ரலுக்குள் ஒரு டஜன் கட்டித் தருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன், நாலுதான் ஆகியிருக்கிறது. மாணவர்கள் வந்து பாருங்கள், முள் குத்தும், ஜாக்கிரதை.