பாகம் வரவில்லை, தவணை மட்டும் வருகிறது

(பயனீட்டாளர் உரிமைகள் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர்கள் பொருள் வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்று அழகாக விளக்கினார்கள். வாங்கிய பிறகு வரும் துன்பத்தைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். கார் கண்காட்சிக் கூடத்தில் நமக்குக் காப்பி கொடுப்பார்கள். சாவியைக் கொடுக்கும் நாளில் ரிப்பன் கட்டிப் படம்கூட எடுத்துத் தருவார்கள். அதே கார் மூன்றாம் ஆண்டில் பழுதாகிப் பட்டறைக்குப் போனால், "பாகம் இன்னும் வரலைங்க, வந்தால் கூப்பிடுறோம்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். ஒரு வாரம் ஒரு மாதமாகும், ஒரு மாதம் மூன்று மாதமாகும்.

இதைச் சிறிய விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் பல இடங்களில் பேருந்தை நம்பி வேலைக்குப் போக முடியாது. கணவனை இரவு வேலைக்கும், மனைவியைத் தொழிற்சாலைக்கும், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கும், பாட்டியை ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் கொண்டு சேர்ப்பது அந்த ஒரே கார்தான். அது பட்டறையில் தூங்கினால் வாடகைக் காருக்குப் பணம் போகிறது, வேலைக்குத் தாமதமாகிறது, சம்பளம் வெட்டப்படுகிறது. வங்கித் தவணையோ ஒரு நாளும் தாமதமாவதில்லை.

கோபத்தில் சிலர், "காடி என் கையில் இல்லை, நான் ஏன் காசு கட்டணும்?" என்று தவணையை நிறுத்திவிடுகிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வாகனத்தை மீட்டுக்கொள்ள வங்கிக்கு வழி இருக்கிறது. பட்டறையோடு உள்ள சண்டை வேறு, வங்கியோடு உள்ள கணக்கு வேறு.

ஏன் இந்தத் தாமதம்?

காரணம் தெரிந்தால்தான் சரியான கேள்வியைக் கேட்க முடியும். எண்ணெய் வடிகட்டி, பிரேக் பட்டை போன்றவை தினமும் விற்பனையாகும். அவற்றை எல்லாப் பட்டறைகளும் கையிருப்பில் வைத்திருக்கும். கதவு, முன்விளக்கு, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவை எப்போதாவதுதான் தேவைப்படும். அவற்றை வாங்கி அடுக்கி வைத்தால் பணம் முடங்கும், கிடங்கு வாடகையும் ஏறும். அதனால் நிறுவனங்கள் இருப்பைக் குறைத்து வைத்து, கேட்கும்போது தருவிக்கின்றன. நம் பட்டறை விநியோகிப்பாளரைக் கேட்க வேண்டும், அவர் தயாரிப்பாளரைக் கேட்க வேண்டும், தயாரிப்பாளர் வெளிநாட்டில் அந்தப் பாகத்தைச் செய்யும் இன்னொரு நிறுவனத்தைக் கேட்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தடைப்பட்டாலும் நம் கார் நகராது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2021இல் உலகம் முழுவதும் மின்னணுச் சில்லுகளுக்குப் பஞ்சம். அந்த ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரங்களில் ஏராளமான கார்கள் மூழ்கின. 2020 ஜூன் முதல் 2022 ஜூன் வரை விற்பனை வரி விலக்கு இருந்ததால் மக்கள் புதிய கார்களைத் தேடிப்போனார்கள். 2024இல் நாட்டில் விற்பனையான புதிய வாகனங்கள் 8 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேல். விற்பனை இந்த வேகத்தில் போகும்போது, பழுதுபார்க்கும் இடமும் மெக்கானிக்கும் பாக இருப்பும் அதே வேகத்தில் பெருக வேண்டாமா? ஒரு பாகம் குறைவாக இருக்கும்போது அது புதிய காரில் பொருத்தப் போகுமா, பழைய வாடிக்கையாளரின் பட்டறைக்குப் போகுமா? பதிலை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நேயர்களே, பலருக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்கிறேன். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 37ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொருளை விற்ற பிறகும் நியாயமான காலத்துக்கு அதைப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் கிடைக்கும்படி தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். உத்தரவாதப் புத்தகத்தில் எழுதாவிட்டாலும் இந்தக் கடமை உண்டு. தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருக்கிறார், இங்கே அவருக்கு அலுவலகம் இல்லை என்றால், இறக்குமதி செய்பவரையோ விநியோகிப்பவரையோ சட்டம் தயாரிப்பாளராகவே கருதுகிறது.

இதில் ஒரு விலக்கும் உண்டு. பாகம் கிடைக்காது என்றோ, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு கிடைக்காது என்றோ விற்கும்போதே முறையாக அறிவித்துவிட்டால் அவர்கள் தப்பித்துக்கொள்ளலாம். ஆகவே கையெழுத்துப் போடும் முன் சிறிய எழுத்துகளையும் படியுங்கள்.

காரே தரக்குறைவாக இருந்தால் இன்னும் சில உரிமைகள் உண்டு. சரிசெய்யக் கூடிய குறையை விற்பனையாளர் நியாயமான காலத்தில் சரிசெய்யத் தவறினால், வேறிடத்தில் சரிசெய்து நியாயமான செலவைக் கேட்கலாம், அல்லது பொருளை நிராகரிக்கலாம். ஆனால் நிராகரிக்கும் உரிமை என்றைக்கும் நிலைத்திருக்காது. நியாயமான காலம் கடந்துவிட்டால் அது கைநழுவிப் போகும். "பொறுத்துப் பார்ப்போம்" என்று நாம் சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் நம் உரிமையைத்தான் கரைக்கிறது.

நியாயமான காலம் என்றால் எத்தனை நாள் என்று கேட்பீர்கள். சட்டம் நாள் கணக்குச் சொல்லவில்லை. அது சூழ்நிலையைப் பொறுத்தது. அதனால்தான் கையில் ஆதாரம் வேண்டும் என்கிறேன்.

நாம் செய்ய வேண்டியது

நம்மவர்களிடம் ஒரு பழக்கம். பட்டறைக்குப் போய் மேசையைத் தட்டிச் சத்தம் போடுவோம். வெளியே வந்து தேநீர்க் கடையில் நாலு பேரிடம் சொல்லி ஆறுதல் அடைவோம். ஆனால் ஒரு தாளில் எதையும் எழுதிவைக்க மாட்டோம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்தக் காலத்தில் எழுத்தில் அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

காரை ஒப்படைக்கும் நாளில் பணிச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகம் தேவை, அதன் எண் என்ன, எந்தத் தேதியில் தருவிக்கக் கேட்டார்கள், எப்போது வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசினால், பேசிய விவரத்தை அன்றைக்கே குறுஞ்செய்தியாக அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். வாடகைக் கார் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். சொன்ன தேதி கடந்தால், ஒரு கெடு குறிப்பிட்டுக் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் கடிதம் எழுதுங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுச் செய்ய 5 வெள்ளிதான் கட்டணம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பிரச்சினை ஏற்பட்டு மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. எதிர்த்தரப்பும் பொதுவாக வழக்கறிஞரைக் கொண்டுவர முடியாது. தீர்ப்பை மீறுவது குற்றம். பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்திலோ, பயனீட்டாளர் சங்கங்களிலோ உதவி கேட்கத் தயங்க வேண்டாம். படித்த பிள்ளைகள் பெற்றோருக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.

இனி கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலையையும் நிறத்தையும் கேட்பதற்கு முன், அந்த மாடலின் பாகங்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, உங்கள் ஊருக்கு அருகில் எத்தனை பட்டறைகள் உண்டு, பழுதுபார்க்க நாளானால் மாற்று வாகனம் தருவார்களா என்று கேளுங்கள். அதே மாடல் வைத்திருக்கும் இரண்டு பேரிடம் விசாரியுங்கள். ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் கார் என்றால், இங்கே விற்கப்படும் மாடலின் பாகம் அதற்குப் பொருந்துமா என்று நிச்சயம் கேளுங்கள்.

காத்திருக்க முடியாமல் மலிவான போலிப் பாகத்தை மாட்டும் ஆசையும் வரும். பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் அந்த விளையாட்டு வேண்டாம். பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள்.

பட்டறை ஊழியர்கள் மீது எனக்குக் கோபம் கிடையாது. முகப்பில் நின்று நம் திட்டுகளை வாங்கும் அந்தப் பெண்ணுக்குப் பாகத்தை வரவழைக்கும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவரின் மேசைக்கு நம் கடிதம் போய்ச் சேர வேண்டும். ஒருவர் எழுதினால் அதை ஓரமாக வைத்துவிடலாம். ஆயிரம் பேர் எழுதினால் கிடங்கில் பாகம் வந்து சேரும்.