ஆறிய காயத்தின் தழும்பு

(சபையின் ஆண்டு விழாவில் ஆற்றிய சிற்றுரை)



பிள்ளைகளே, முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்களில் யாருக்கு முழங்காலில் தழும்பு இருக்கிறது? சைக்கிளில் இருந்து விழுந்திருப்பீர்கள். அன்று எவ்வளவு அழுதீர்கள்! இப்போது அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். நோகிறதா? இல்லையே. காயம் ஆறிவிட்டது என்பதற்கு அந்தத் தழும்புதான் அடையாளம்.

நான் ஒரு தாதி. இந்த நாட்டில் பயிற்சி பெற்ற காலத்தில் நான் கற்ற பாடங்களில் ஒன்று, ஆழமான காயம் அடியிலிருந்து மேலே ஆறிவர வேண்டும் என்பது. உள்ளே சீழ் இருக்க, மேலே மட்டும் தோல் மூடினால் அது மறுபடியும் உடைக்கும். ஆகவே அவசரப்படாமல், கழுவி, மருந்து வைத்து, திரும்பத் திரும்பக் கட்டு மாற்றுவோம்.

பிறருக்கு இதைச் செய்த நான், எனக்குச் செய்யவில்லை. ஊரில் என் அப்பா இறந்தபோது என்னால் போக முடியவில்லை. இங்கே ஜெபக்கூட்டம் வைத்தோம். "விசுவாசிகள் இப்படி அழக்கூடாது" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் தேநீர் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து, அப்பாவின் வயதுடைய ஒருவருக்குக் கட்டு மாற்றும்போது என் கை நடுங்கியது. அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்றிரவு யோவான் 11ஆம் அதிகாரத்தை வாசித்தேன். லாசருவை எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். ஆனாலும் கல்லறைக்குப் போகும் வழியில் அவர் கண்ணீர் விட்டார். அவரே அழுதாரென்றால் என் அழுகை எப்படி அவிசுவாசமாகும்? அப்பாவுக்காக அன்றுதான் நான் மனம்விட்டு அழுதேன்.

அதே சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு தோமாவுக்குத் தம் கைகளையும் விலாவையும் காண்பிக்கிறார். மரணத்தை ஜெயித்தவருக்கு அந்த அடையாளங்களை அழிப்பது கடினமா? அவர் அழிக்கவில்லை. தாம் பட்ட பாட்டை மறைக்காமலே மகிமையில் நிற்கிறார். நம் நம்பிக்கையும் இதுதான். நம்முடைய பாடுகள் உண்மையானவை. ஆனால் முடிவு அவற்றின் கையில் இல்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களை நினைத்துப் பாருங்கள். 1954இல் நடந்த வாகன விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, அவருடைய கால்கள் செயலிழந்தன. ஆனாலும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்பு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூருக்குத் திரும்பி, தம்மைப் போன்றவர்களுக்கான சிகிச்சைப் பிரிவை நடத்தினார். அவருடைய கால்கள் இவ்வுலகில் சுகமாகவில்லை. நம் சரீரமும் மீட்கப்படும் நாள் வரும் என்று ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். அந்த நாளுக்குக் காத்திருக்கிறவர்கள் இன்றைய வேலையைச் சோராமல் செய்யலாம் என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

அன்பானவர்களே, யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். நோயோடு போராடுகிறவர்கள் இருக்கிறார்கள். வதிவிட அனுமதிக் கடிதத்துக்காக வருடக்கணக்காகக் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் "அழாதீர்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகாமல், பக்கத்தில் உட்காருவோம். அடுத்த வாரமும் போவோம். கட்டு மாற்றுவது ஒரு நாள் வேலையல்லவே. தேவன் தம் ஜனத்தின் கண்ணீரைத் துடைப்பார் என்று வெளிப்படுத்தின விசேஷம் சொல்கிறது. அழுதவர்களை அவர் கடிந்துகொள்வார் என்று அங்கே சொல்லப்படவில்லை.

பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தழும்பை அம்மாவிடம் காட்டுங்கள். அம்மம்மாவின், தாத்தாவின் தழும்புகளைப் பற்றியும் கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது பொறுமையாகக் கேளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.