தேயிலை ஏற்றுமதியும் தோட்ட மண்ணின் பங்கும்



நாட்டின் ஏற்றுமதி உயர்ந்துவிட்டதென்று எந்த நிதியமைச்சர் முழங்கினாலும் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. பொருள் விளைந்த மண்ணில் அதன் பயன் எவ்வளவு தங்கிற்று? தேயிலையைக் கொண்டு இவ்வினாவை இன்று ஆராய்வோம்.

1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர், கோப்பி அழிந்தபின் மலைநாடெங்கும் பரந்தது. 1883 முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடைபெறுகிறது. 2024ஆம் ஆண்டில் 24 கோடி கிலோவுக்கு மேல் ஏற்றுமதியாகி, 140 கோடி டொலருக்கு மேல் ஈட்டித் தந்தது. எண்ணெயும் மருந்தும் வாங்க அச்செலாவணி உதவியதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அப்பணம் செல்லும் வழியைப் பாருங்கள். 18 கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய 4 கிலோ தேயிலையாகும். 2024ஆம் ஆண்டின் சராசரி ஏற்றுமதி விலைப்படி அதன் பெறுமதி 23 டொலர். அக்கொழுந்தைப் பறித்த பெண்ணுக்கு அவ்வாண்டு செப்டெம்பர் வர்த்தமானி விதித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அன்றைய மாற்று வீதத்தில் அது ஐந்து டொலருக்கும் குறைவு! எஞ்சியது முழுவதும் இலாபமென்று நாம் வாதிடவில்லை. பசளை, விறகு, மின்சாரம், தொழிற்சாலைக் கூலி, பொதி செய்தல், போக்குவரத்து யாவும் அதனுள் அடங்கும். எனினும் தரகு, வங்கி, களஞ்சியம், துறைமுகம் ஆகிய ஏற்றுமதியின் கிளைத் தொழில்கள் அனைத்தும் கொழும்பிலேயே வேரூன்றின. தோட்டத்தில் மிஞ்சியது கூலியும் லயமுமே.

இது வாணிப விதியால் மட்டும் நேர்ந்ததன்று, சட்டமும் துணைபோயிற்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டப் பகுதிகளில் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத் தொழிலாளி சபைக்கு வாக்களிக்கலாம். அச்சபை அவன் லயத்துக்குப் பாதை போட முடியாது! 31 ஆண்டுகள் கழிந்து, 2018இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. நாட்டுக்கே செலாவணி ஈட்டிய மண் ஒரு வடிகானுக்கும் தோட்டத்துரையின் தயவை நாடி நின்றது. இதனை விட வெட்கக்கேடு வேறென்ன?

2021 டிசம்பரில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குரிய 25 கோடி டொலர்ப் பழைய கடனைத் தேயிலையாகவே அடைப்பதென அரசு ஒப்பந்தம் செய்தது. பண்டமாற்றில் தவறில்லை. கடன் தீர்க்கும் பண்டம் இவர்கள் கையால் விளைவதென்பதை மட்டும் ஆள்வோர் மறந்துவிடுகின்றனர்.

'அது மலையகத்தார் காரியம். வடக்கின் கமக்காரனுக்கு இதில் என்ன?' என்போர் நம்மிடையே உளர். 1949இல் தமிழரசுக் கட்சி தோன்றுவதற்கு, மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதும் ஒரு காரணமென்பதை அவர்கள் மறக்கலாகாது. வன்செயல்களுக்கு அஞ்சி மலைநாட்டை விட்டு வந்தோர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் கமம் செய்கின்றனர். மேலும், 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த ஒரே கட்டளை, வன்னி வயலையும் தேயிலைச் செடியையும் சேர்த்தே வாட்டியது. அவ்வாண்டு 29 கோடி கிலோவைத் தாண்டிய தேயிலை உற்பத்தி, மறு ஆண்டில் 25 கோடியளவுக்கு வீழ்ந்தது. கமக்காரனையும் கேட்கவில்லை, தோட்டத் தொழிலாளியையும் கேட்கவில்லை.

ஆகவே இரு கோரிக்கைகளை இக்கூட்டத்தின் முன் தீர்மானமாக வைக்கிறோம். தேயிலை ஏற்றுமதியால் அரசு பெறும் வருவாயில் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட ஒரு பங்கு, கொழுந்து விளையும் பகுதியின் பிரதேச சபைக்குச் சேர வேண்டும். அடுத்து, லயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுக் காணி உறுதி வழங்கப்பட வேண்டும். கம்பனிகளின் உரிமை பாதிக்கப்படுமென்று சிலர் தடை கூறுவர். 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992க்குப் பின் கம்பனிகளுக்குக் கிடைத்தவை நிருவாகமும் குத்தகையுமே. நிலம் அரசினுடையது. லயத்தடியையும் வீட்டுத் தோட்டத்தையும் அக்குத்தகையிலிருந்து விடுவித்து உறுதி எழுத, அரசு எவரிடமும் புதிதாக ஓர் அங்குல நிலமும் வாங்க வேண்டியதில்லை.