பல்கலைக்கழகக் காகிதமும் பார்வையற்ற மாணவரும்

(செங்கற்பட்டில் கல்லூரி ஆசிரியர்களும், அலுவலகச் சிப்பந்திகளும், மாணவர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டது பெரிய தத்துவ விஷயமல்ல. ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கென்று வெளியிடுகின்ற காகிதத்தை அந்த மாணவர்கள் எல்லோரும் படிக்க முடிகின்றதா, இல்லையா என்பதுதான். காகிதம் இருப்பதே படிப்பதற்குத்தானே, இதில் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் அதைத்தான் கேட்கிறேன். படிப்பதற்குத்தான் என்றால் அதை ஏன் படமாக்கி வெளியிடுகிறீர்கள்?

முதலில் விஷயத்தை விளக்கி விடுகிறேன். கண் பார்வையில்லாத மாணவர்கள் இன்று கம்ப்யூட்டரையும் செல்பேசியையும் தாங்களே உபயோகிக்கிறார்கள். ஸ்கிரீன் ரீடர், அதாவது திரைவாசிப்பான் என்று ஒரு சாதனம் இருக்கிறது. திரையில் எழுத்தாக இருப்பதை அது குரலாக வாசிக்கும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-ம் வருஷத்தில் என்.வி.டி.ஏ. என்ற வாசிப்பானை எழுத ஆரம்பித்தார். அவரைப் போலவே பார்வையற்ற நண்பர் ஒருவரும் கூடச் சேர்ந்து கொண்டார். விலையுயர்ந்த வாசிப்பானை ஏழைகள் வாங்க முடியாது என்பதற்காக இதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். அது தமிழும் வாசிக்கின்றது. கண் தெரிந்த புண்ணியவான் யாரும் இரக்கப்பட்டுச் செய்த தர்மமல்ல இது என்பதைக் கவனியுங்கள். வேண்டியவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்து கொண்டார்கள்.

இந்த வாசிப்பான் எழுத்தைத்தான் வாசிக்கும்; எழுத்தின் படத்தை வாசிக்காது. பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி இன்னது என்று ஒரு சர்க்குலர் வருகிறது. மாணவர் அதைத் திறக்கிறார். "காலி ஆவணம்" என்று சொல்லிவிட்டு வாசிப்பான் நின்று விடுகின்றது. அறைத் தோழனிடம் போய்க் கேட்கிறார். அவன் அவசரத்தில் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு, "ஏதோ கட்டண விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். தேதி தவறுகின்றது, ஒரு வருஷம் போகின்றது. இது யாருடைய குறை? கண்ணில்லாதவருடைய குறையா? இதைத் தலைவிதி என்று சொல்லுகிறவர்கள், விதி ஸ்கேனர் யந்திரத்துக்குள் எப்போது புகுந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சர்க்குலர் எப்படிப் பிறக்கின்றது என்று பாருங்கள். சிப்பந்தி அதைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறார். அந்த நிமிஷத்தில் அது சுத்தமான எழுத்து. பார்வையற்றவரும் அப்படியே படித்துவிடலாம். அதற்குப் பிறகுதான் வேலை நடக்கின்றது. காகிதத்தில் அச்செடுக்கிறார்கள். அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். ஊதா மையில் வட்ட முத்திரை விழுகிறது, அதுவும் பெரும்பாலும் தேதியின் மேலேயே. பிறகு அதைக் கோணலாக ஸ்கேன் செய்து, படமாக்கி, இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். எழுத்தாகப் பிறந்ததை இவ்வளவு பிரயாசைப்பட்டு எழுத்தல்லாததாக ஆக்குகிறார்கள். பணமில்லை, யந்திரமில்லை, ஆளில்லை என்று சொல்ல இதில் இடமே இல்லை. இந்த வேலையைச் செய்யாமலிருந்தாலே போதும்!

இதற்குப் பெயர் சடங்கு. மந்திரமும் புரோகிதரும் இல்லாவிட்டால் கலியாணமே ஆகாது என்கிறவருக்கும், ஊதா முத்திரை கண்ணுக்குத் தெரியாவிட்டால் உத்தரவே ஆகாது என்கிறவருக்கும் என்ன வித்தியாசம்? 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே கம்ப்யூட்டர் மூலம் போடும் கையொப்பத்தை ஒப்புக்கொண்டுவிட்டது. அதில் நம்பிக்கை வராதவர்கள் முத்திரையிட்ட படத்தையும் வைத்துக் கொள்ளட்டும். பக்கத்திலேயே அடித்த எழுத்தையும் வைக்கட்டும்.

படத்திலிருந்து எழுத்தைக் கண்டுபிடிக்கும் யந்திரம் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது. முத்திரை விழுந்த இடத்திலும், மங்கிய தமிழிலும், கட்டம் போட்ட மார்க்குப் பட்டியலிலும் அது தவறுகின்றது. 3-ந் தேதியை 8-ந் தேதி என்று வாசித்தால் அபராதம் கட்டுவது யந்திரமா?

தமிழில் மற்றொரு தொல்லையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பாடக்குறிப்புகள் நம்மிடம் ஏராளம். கண்ணுக்கு அங்கே "அம்மா" என்று தெரியும். உள்ளே இருப்பதோ இங்கிலீஷ் எழுத்து. வாசிப்பான் அதை "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று வாசிக்கும். தமிழுக்குத் தமிழ் வேஷம் மட்டும் போட்டிருக்கிறோம்! தமிழ்நாடு சர்க்கார் 2010-லேயே யூனிகோடை ஒப்புக்கொண்டும் இந்த வேஷம் இன்னும் கலையவில்லை. மாற்றினால் மொழி கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். 1935-ல் "குடி அரசு" சில எழுத்துக்களின் உருவத்தை அச்சுக்கும் படிப்புக்கும் சௌகரியமாக மாற்றியபோதும் இதே பயம் காட்டப்பட்டது. 1978-ல் சர்க்காரே அவற்றை ஏற்றுக்கொண்டது. தமிழ் எங்கும் போய்விடவில்லை.

நம் கடற்கரையிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட குகை என்று ஒன்றிருக்கிறது. அதில் பல்லவ அரசன் ஒரே சாசனத்தை ஒரு பக்கம் கிரந்த எழுத்திலும் மறு பக்கம் நாகரி எழுத்திலும் வெட்டி வைத்திருக்கிறான். இரண்டு விதப் படிப்பாளிகளுக்கும் வசதி செய்யத் தோன்றியிருக்கிறது பாருங்கள்! மொழி இரண்டிலும் வடமொழியே. அந்தக் கரையில் வலை இழுத்தவனுக்கு அதில் எது புரிந்திருக்கும் என்பது வேறு சங்கதி. ஆயினும் கல்லில் வெட்டியதை விரலால் தடவியாவது பார்க்கலாம். ஸ்கேன் செய்த சர்க்குலருக்கு அந்த யோக்கியதையும் கிடையாது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவு, மின்னணுச் சாதனங்களில் வருகின்ற செய்தியெல்லாம் அவர்களும் அணுகக்கூடிய வடிவில் இருக்கச் சர்க்கார் நடவடிக்கை எடுக்க வேண்டுமென்கிறது. இணையதளத்தில் ஏற்றும் ஆவணம் ஈ-பப் ஆகவோ, எழுத்தறியும் முறையிலான பி.டி.எஃப். ஆகவோ இருக்க வேண்டுமென்று 2017-ம் வருஷத்து விதிகளில் எழுதினார்கள். 2024 நவம்பர் 8-ந் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் சுப்ரீம் கோர்ட், இந்த அணுகல் விதிகள் வெறும் சிபார்சாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று சொல்லிற்று. 2025 ஏப்ரல் 30-ந் தேதித் தீர்ப்பில், இத்தகைய சாதனங்களை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவிலுள்ள வாழும் உரிமையைச் சேர்ந்தது என்றும் சொல்லியாகி விட்டது. ஆகவே யாரும் யாரிடமும் தயவு கேட்கவில்லை.

செய்ய வேண்டியதும் மலையைப் புரட்டுவதல்ல. தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் தலைப்பு என்றே குறியிட்டால், வாசிப்பானில் ஒரு விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போகலாம். நாற்பது பக்கப் பாடத்திட்டத்தை முதலிலிருந்து கேட்டுக் கொண்டிருக்க வேண்டாம். பட்டியலை இடைவெளி விட்டு ஒட்டாமல் பட்டியலாகவே போட வேண்டும். படத்துக்கு இரண்டு வரி விளக்கம் எழுத வேண்டும். சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்றும் இந்த ஜில்லாக்காரர்கள் சொல்ல முடியாது. பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து முட்டுக்காட்டில்தான் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு உல்லாசமாகப் போகிறவர்கள் அதன் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள்.

நான் சொன்னதை நம்ப வேண்டாம். மேஜை மேல் இருக்கிற கம்ப்யூட்டரில் என்.வி.டி.ஏ. ஏற்றி வைத்திருக்கிறது. உங்கள் அலுவலகம் போன வாரம் வெளியிட்ட சர்க்குலர் யாரிடமிருந்தாலும் கொண்டு வாருங்கள். திரையை அணைத்துவிட்டு எல்லோருமாகக் கேட்டுப் பார்ப்போம். கேள்வி கேட்கிறவர்கள் அதற்குப் பிறகு கேட்கலாம்.