பேட்டரியைப் பாதுகாப்பாகக் கையாள்வோம்



ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்தை நாம் மிகுந்த எச்சரிக்கையுடன் கையாளுகிறோம். ஆனால், நம் கார், லோரி ஆகியவற்றின் பேட்டரியை வெறும் பெட்டியாகவே எண்ணிவிடுகிறோம். அதனுள் இருப்பது கந்தக அமிலம். மின்னேற்றம் பெறுகையில் அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே அது தீப்பற்றக்கூடும்.

ஆகவே, நீர்மட்டத்தைத் தீக்குச்சி வெளிச்சத்தில் பார்த்தலாகாது. டார்ச் விளக்கையே பயன்படுத்துவோமாக. இன்றைய வண்டிகளில் கழித்தல் குறியிட்ட முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ளது. அதனை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டினால், ஸ்பேனர் உடலில் பட்டாலும் பொறி எழாது.

மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் நீர் குறைந்தால், தகடுகள் மூழ்குமளவு காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். குழாய் நீரும் அமிலமும் சேர்த்தலாகாது.

கண்ணில் அமிலம் தெறித்துவிட்டால் கசக்கலாகாது. உடனே தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவிய பின்னரே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கழுவாமல் ஓடும் அந்தச் சில நிமிடங்களிலேயே பார்வை பறிபோகக்கூடும். எனவே, மூடியைத் திறக்குமுன் ஒரு வாளி தூய நீரை அருகில் வைத்துக்கொள்வோமாக. பழுதான பேட்டரிக்கு மாற்று உண்டு, கண்ணுக்கு இல்லை.