ஏழு என்னும் எண்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அண்மையில் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு என் பேரனோடு பேருந்திற் சென்றேன். மலைத்தொடர் கண்ணிற்பட்டதும், "தாத்தா, ஏடு கொண்டலு!" என்று கூவினான். "நம் வீட்டில் எப்படிச் சொல்வோம்?" என்றேன். சற்றுத் தயங்கி, "ஏலுமலை" என்றான். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளை, அவன்மேற் குற்றமில்லை. அவன் நாவில் ழகரம் நில்லாமற் போனது வீட்டிலுள்ள எங்கள் குற்றமே. ஆகவே அவ்வெண்ணைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றேன்.

சேஷாத்திரி முதல் வேங்கடாத்திரி ஈறாக மலைகள் ஏழு. குறள் வெண்பாவிற்குச் சீர்கள் ஏழு. திருக்குறளின் 133 அதிகாரங்களும் ஏழால் வகுபடுவன. இவை மக்கள் வகுத்துக்கொண்ட ஏழுகள். யாரும் வகுக்காமலே அவ்வெண்ணிற்கு இயல்பாய் அமைந்த பண்புகளும் உண்டு.

ஏழு ஒரு பகா எண். ஏழு நெல்லிக்கனிகளை எழுவருக்குச் சமமாகப் பங்கிடலாம். இருவருக்கோ, மூவருக்கோ, அறுவருக்கோ இயலாது. மூன்று இரண்டுகளைப் பெருக்கிவரும் எட்டில் ஒன்று குறைய ஏழு. இவ்வாறு இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்துவரும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பர். ஏழை நான்கால் பெருக்கின் 28. அதனை மீதியின்றி வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 4, 7, 14. இவற்றின் கூட்டுத்தொகையும் 28! ஆதலின் 28 நிறைவெண் எனப்படும்.

ஒன்றை ஏழால் வகுத்தால் 142857 என்னும் இலக்கங்கள் முடிவின்றிச் சுழன்று வரும். அதனை இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. அதே இலக்கங்கள், அதே சுற்று; தொடங்கும் இடம் மட்டுமே வேறு. ஆறுவரை இவ்வாறே. ஏழால் பெருக்கினாலோ 999999!

ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜனும் ஏழில் ஓர் அருமையைக் கண்டார். வரிசை வேறுபாட்டைக் கருதாது, 5-ஐ இயல் எண்களின் கூட்டாக எழுதிப் பார்ப்போம்: 5, 4+1, 3+2, 3+1+1, 2+2+1, 2+1+1+1, 1+1+1+1+1. ஏழு வழிகள். ஐந்தோடு ஏழு கூட்டினால் 12. அதற்கு 77 வழிகள். மேலும் ஏழு கூட்டினால் 19. அதற்கு 490 வழிகள். யாவும் ஏழால் வகுபடுவன. ஏழேழாகக் கூட்டி எவ்வளவு தொலைவு சென்றாலும் இவ்விதி பிழையாது என்பதை 1919-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் நிறுவினார்.

இவ்வுண்மைகள் எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழில் ஏழு, தெலுங்கில் ஏடு, கன்னடத்தில் ஏளு. சொற்களுங்கூட ஒரே வேரிற் கிளைத்தவையே. அண்டை வீட்டார் மொழியை நம் பிள்ளைகள் செம்மையாகப் பயில்வது பெரும்பேறு. அதற்காக நம் மொழியை இழக்க வேண்டுவதில்லை. பள்ளி தமிழைக் கற்பிக்காத இடத்தில் வீடுதான் கற்பிக்க வேண்டும். வீடும் கைவிட்டால் வேறு புகலிடம் இல்லை.

ஊர் திரும்பியதும் பரணிலிருந்த பல்லாங்குழியை இறக்கினேன். பக்கத்திற்கு ஏழு குழிகள். பாட்டியும் பேரனும் மாலைதோறும் உரக்க எண்ணி ஆடுகின்றனர். ழகரம் மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பலகை இருக்கக்கூடும்; இறக்கிப் பாருங்கள்.