இரண்டாயிரம் வருஷத்துக் கணக்கை யார் படிப்பது?

(பாடியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியது)



இன்று ஒரு சுயவிமர்சனத்தோடு ஆரம்பிக்கிறேன். போன மாதம் நம் வட்டத்தைச் சேர்ந்த கடைசல் தொழிலாளி ஒருவர் என்னிடம் வந்தார். "மகள் பி.ஏ. சரித்திரம் பாஸ் செய்துவிட்டாள். எம்.ஏ.வில் பழங்காலச் சரித்திரம்தான் படிப்பேன், கிரேக்கம், ரோமாபுரி என்கிறாள். அது சோறு போடுமா தோழர்?" என்று கேட்டார். நானும் யோசிக்காமல், "செத்துப்போன ராஜாக்கள் கதை நமக்கெதற்கு? வேலை கிடைக்கிற படிப்பில் சேருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். பிறகு நூலகத்தில் உட்கார்ந்து நாலு புத்தகம் படித்தேன். நான் சொன்னது தப்பு. ஏன் தப்பு என்பதை உங்கள் முன்னால் சொல்லிவிடுகிறேன்.

ரோமாபுரி தூர தேசமல்ல, தோழர்களே. கரூர், கோவை வட்டாரங்களில் மண்ணைத் தோண்டியபோது ரோமாபுரி வெள்ளிக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற சக்கரவர்த்திகளின் தலை பொறித்த காசுகள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் தோண்டியபோது இத்தாலி மண்பாண்டமும், ஒயின் வந்த ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. நம் மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் வந்த விலை அது. வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது, இங்கே வாங்கிய சரக்கு அங்கே நூறு மடங்கு விலைக்குப் போகிறது என்று பிளினி என்ற ரோமாபுரிப் பிரபு எழுதிவைத்தார்.

வியன்னாவில் உள்ள நூலகம் ஒன்றில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது. 1985-ல் வெளியிட்டார்கள். நம் முசிறித் துறைமுக வியாபாரத்துக்கு வாங்கிய கடன் பற்றிய ஒப்பந்தம் அது. மறுபக்கத்தில் ஒரே கப்பலின் சரக்குக் கணக்கு: யானைத் தந்தமும் வாசனை வேரும் மற்றதும் சேர்ந்து, நாலில் ஒரு பங்கு சுங்கம் போக, சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ். அன்றைய ரோமாபுரிச் சிப்பாய்க்கு வருஷச் சம்பளம் 1,200. அப்படியானால் ஐயாயிரம் சிப்பாய்களின் வருஷச் சம்பளத்துக்கு மேல் ஒரு கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது!

சரி, மிளகைப் பறித்தவனுக்கு என்ன கிடைத்தது? அதை அந்தத் தாள் சொல்லவில்லை. காசுக்கு வெள்ளி எடுத்தவன் யார்? ரோமாபுரி வெள்ளியில் ஏராளம் ஸ்பெயின் சுரங்கங்களிலிருந்து வந்தது. ஒரு வட்டாரத்தில் மட்டும் 40,000 பேர் உழைத்ததாக ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அடிமைகள் ராப்பகலாக வெட்டி, சுரங்கத்திலேயே செத்தார்கள் என்று இன்னொருவர் எழுதுகிறார்.

அடுத்து, கடன். இங்கே வயல் வேலைத் தோழர்கள் இருக்கிறீர்கள். பண்ணையாரிடம் பட்ட கடனுக்கு ஆளையே எழுதிக்கொடுப்பது உங்கள் தாத்தாமாருக்குத் தெரியும். கிரேக்க நாட்டு ஏதென்ஸிலும் அதே கதைதான். கடன் கட்ட முடியாத குடியானவனை விற்றுவிடுவார்கள். கி.மு. 594-ல் சோலோன் என்பவர் அந்தக் கடன்களை ரத்து செய்து, ஆளை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கக் கூடாதென்று சட்டம் போட்டார். நம் நாட்டில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்! ஆனால் சோலோன் நிலத்தைப் பங்கிட்டுத் தரவில்லை. சொந்த ஊர்க்காரனை விட்டுவிட்டு, வெளியூர் அடிமைகளை விலைக்கு வாங்கிச் சுரங்கத்தில் இறக்கினார்கள் ஏதென்ஸ்காரர்கள். சட்டம் ஒரு கதவைச் சாத்தினால் சுரண்டல் இன்னொரு கதவைத் தேடும்.

இந்த விஷயம் எப்படித் தெரிய வந்தது? ஏதென்ஸ் ஆட்சிமுறை பற்றி அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் நூல் ஒன்று காணாமல் போயிருந்தது. எகிப்திலிருந்து கிடைத்த பாப்பிரஸ் சுருள்களில் அது இருந்தது. 1891-ல் அச்சிட்டார்கள். எதன் மேல் எழுதியிருந்தது தெரியுமா? ஒரு பண்ணைக் காரியஸ்தர் கி.பி. 78-79-ல் எழுதிய வரவு செலவுக் கணக்கின் பின்பக்கத்தில்! ஒரு பக்கம் பெரிய தத்துவ ஆசிரியர். மறு பக்கம் பண்ணையாளுக்குக் கொடுத்த கூலி. முதல் பக்கத்தைப் படிக்க உலகத்தில் ஆயிரம் பண்டிதர்கள் உண்டு. மறு பக்கத்தைப் புரட்டிப் பார்க்க யார் வேண்டும்? கூலிச் சீட்டின் அருமை தெரிந்த வீட்டுப் பிள்ளை வேண்டும்!

கி.மு. 73-ல் அடிமை ஸ்பார்டகஸ் கிளம்பினான். இரண்டு வருஷம் ரோமாபுரியை நடுங்கவைத்தான். தோற்றபின் 6,000 பேரைச் சாலையோரம் சிலுவையில் அறைந்தார்கள். அவர்கள் தரப்பில் ஒரு வரி எழுத்துகூட மிஞ்சவில்லை. எல்லாம் எஜமானர் வர்க்கம் எழுதியதுதான். அதைத்தான் 1861-ல் மார்க்ஸ் மாலை நேரங்களில் கிரேக்க மூலத்திலேயே படித்து, ஸ்பார்டகஸைப் போற்றி எங்கெல்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர் 1841-ல் டாக்டர் பட்டம் வாங்கியதும் கிரேக்கத் தத்துவம் பற்றித்தான். இங்கிலாந்தில் டி ஸ்டே குரோய் என்பவர் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். யுத்தத்துக்குப் பிறகுதான் கல்லூரி வாசலை மிதித்தார். கிரேக்க உலகின் வர்க்கப் போராட்டம் பற்றி 1981-ல் பெரும் நூலே எழுதினார்.

இந்தப் படிப்புக்கு வேலை நிச்சயம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். தொல்லியல் துறை, மியூசியம், கல்லூரி என்று இடங்கள் கொஞ்சந்தான். சிரமம் உண்டு. ஆனால் நம் பிள்ளைகள் ஒதுங்கினால், இரண்டாயிரம் வருஷத்துக் கணக்கையும் கணக்கப்பிள்ளையிடமே விட்டதாகும்.

கொரட்டூரில் ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து சேப்பாக்கம் பல்கலைக்கழகம் தூரமில்லை. பாஸுக்கும் புத்தகத்துக்கும் இந்த வட்டத்தில் ஒரு உண்டியல் வைப்போம். முதல் நூறு ரூபாய் என்னுடையது.

தோழரே, போன மாதம் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மகளைச் சேர்த்துவிடுங்கள்.